இடுப்பு இருபத்தெட்டரை

எங்கள் கம்பெனியில் மீடியம் என்றால் ஒரு பெண். "மீடியத்தைக் கூப்பிடு" என்று மாஸ்டர்ஜி குரல் கொடுத்தால் மாடியிலிருந்து அவள் இறங்கி வருவாள், தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசியோடு.

தில்லி ஓக்லாவில் ஓர் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் நான் மர்ச்சண்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டில் உடுப்பு வாங்குகிற பையர்கள் என்ன கேட்கிறார்கள் என்று தொழிற்சாலைக்கும், தொழிற்சாலையால் எது முடியாது என்று அவர்களுக்கும் சொல்லி, இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. ஃபேஷன் துறை என்றதும் கரோல் பாக் வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்கள் மேடையையும் விளக்கையும் கற்பனை செய்துகொள்கிறார்கள். நான் அன்றாடம் பார்ப்பது நூல் பிசிறையும் இஞ்ச் டேப்பையும்தான். மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்ற என் பெரியப்பா இன்றைக்கும், "எங்க பொண்ணு தையல் கம்பெனில இருக்கா" என்றுதான் அறிமுகம் செய்வார். முதலில் கோபம் வரும். இப்போது வருவதில்லை, அவர் சொல்வது உண்மைதானே.

ஓர் உடைக்கு மாதிரி தைத்ததும் அதை உயிருள்ள உடம்பில் போட்டுப் பார்க்க வேண்டும். டம்மி உட்காராது, குனியாது, பஸ் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்காது. இதையே தொழிலாகச் செய்யும் பெண்கள் தில்லியில் உண்டு, மணிக்கணக்கில் வருவார்கள். எங்கள் ஜிஎம்முக்கு அது பொறுக்கவில்லை. இத்தனை பெண்கள் வேலை செய்கிற இடத்தில் மீடியம் ஸைஸ் ஒருத்தி கிடைக்க மாட்டாளா என்று கேட்டார். அதனால் ஒரு சனிக்கிழமை முழுவதும் நான் திரைக்குள் நின்று ஒவ்வொருத்தியாக அளந்தேன். திரைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து மாஸ்டர்ஜி எழுதினார். அவர் எங்கள் பேட்டர்ன் மாஸ்டர், பரேலிக்காரர், அறுபதைத் தொட்டவர், நான்கு பெண்களுக்குத் தகப்பன். மார்பு சரியாக இருந்தால் இடுப்பு இடித்தது. இடுப்பு சரியாக இருந்தால் தோள் குறுகிப் போயிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வந்தவள்தான் அவள். மார்பு முப்பத்தாறு, இடுப்பு இருபத்தெட்டரை, ஹிப் முப்பத்தெட்டரை. பையர் அனுப்பிய அட்டவணையை அவள்மேல் ஒட்டிப் பார்த்த மாதிரி இருந்தது.

நான் இந்தியில் கையைக் கீழே விடச் சொன்னேன். "விட்டுடலாமா, இன்னும் இருக்கா" என்று அவள் தனக்குள் முனகினாள்.

"நீ தமிழா?"

"ஆமாங்க. விழுப்புரம் பக்கம். மேடமும் தமிழா? மொகத்தப் பாத்தா தெரியல."

"பேசினா தெரியறதா?"

"பேசினாலும் கொஞ்சம் கம்மிதான்" என்றாள். சிரிக்கவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

பூசா ரோட்டில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். அந்தப் பதில் எனக்குப் பல நாள் உறுத்தியது. ஆனால் அன்றைக்கே அவளைப் பிடித்துப் போயிற்று.

மாடியில் அவளுக்கு நூல் வெட்டுகிற வேலை. தைத்து முடித்த துணிகளில் தொங்கும் நூல்களைச் சின்னக் கத்தரியால் வெட்டிக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்க வேண்டும். மே மாதத்தில் அந்தத் தகரக் கூரையின் கீழே நான் கால் மணி நேரம் நின்றாலே தலை சுற்றும். அந்தப் பெண்கள் கம்பெனி ஆட்கள் இல்லை, ஒரு டேக்கேதாருடைய, அதாவது காண்ட்ராக்டருடைய, ஆட்கள். உடம்புக்கு முடியாமல் நாலு நாள் வரவில்லை என்றால் ஐந்தாம் நாள் அந்த இடத்தில் வேறொருத்தி நிற்பாள். இவளுக்கு அதற்கு முந்தின வருஷம் கர்ப்பம் கலைந்து போயிற்று என்று மற்றப் பெண்கள் சொல்லிக் கேள்விப்பட்டிருந்தேன். ஃபிட்டிங்குக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் கீழே வருவாள். சாம்பிள் ரூமில் ஏசி உண்டு, உட்கார ஸ்டூல் உண்டு, மாஸ்டர்ஜியோடு சேர்த்து அவளுக்கும் டீ வரும். "அக்கா, என்னை இங்கயே வெச்சுக்கச் சொல்லேன்" என்று ஒரு நாள் கேட்டாள். மற்றவர்கள் முன்னால் மேடம், தனியாக இருந்தால் அக்கா. பார்க்கலாம் என்றேன். அந்த 'பார்க்கலாம்' எதையும் பார்க்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஃபிட்டிங்குக்கு ஒரு முறை இருக்கிறது. உடையைப் போடுவதற்கு முன்னால் உடம்பை அளந்து ஃபிட் ஷீட்டில் எழுத வேண்டும். ஒவ்வொரு தடவையும் புதிதாக அளக்க வேண்டும், ஏனென்றால் உடம்பு மாறும். நான் முதல் ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தேன். எப்போதும் அதே அளவு. ஒரு தீபாவளிக்குக் கால் இஞ்ச் ஏறினாள், பத்து நாளில் இறங்கிவிட்டாள். பிறகு எனக்குத் திமிர் வந்தது. கண்ணால் பார்த்தாலே போதும், இவளே என் டேப் என்று நினைத்துக்கொண்டேன். போன ஷீட்டில் இருந்த அளவுகளைக் காப்பி செய்து புது ஷீட்டில் ஒட்டிவிட்டு, அடியில் என் பெயரைப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அந்த கவுன் வந்தது. பூப்போட்ட பருத்தித் துணி, இடுப்பில் தையல், பக்கவாட்டில் ஜிப். இழுத்தால் கொடுக்கிற துணி இல்லை, அதனால் இடுப்பு கச்சிதமாக உட்கார வேண்டும். முதல் ஃபிட்டிங்கில் அவள் போட்டு வந்தபோது ஜிப் ஏறச் சிரமப்பட்டது. லண்டனிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த பையர் பெண்மணியும் இறுக்கம் என்றார். அரை இஞ்ச் விடச் சொன்னேன். பத்து நாள் கழித்து இரண்டாவது ஃபிட்டிங். மறுபடியும் இறுக்கம். மாஸ்டர்ஜி பேட்டர்ன் காகிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேடம், ஏக் பார் நாப் லேங்?" என்றார். ஒரு தடவை அளந்து பார்த்துவிடலாமா என்று அர்த்தம்.

எனக்கு அன்றைக்கு இன்னும் இரண்டு பையருக்குப் பதில் போட வேண்டியிருந்தது. "வேண்டாம் மாஸ்டர்ஜி, போன வாரம்தான் அளந்தேன். துணி சுருங்கியிருக்கும். இன்னும் முக்கால் விடுங்கள்" என்றேன். போன வாரம் நான் அளக்கவில்லை. இவ்வளவு சுலபமாக ஒரு பொய் வாயில் வந்ததை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அவள் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றாள். மாஸ்டர்ஜி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போனார்.

மூன்றாவது ஃபிட்டிங்கில் உடை அவளுக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. பையர் சம்மதம் சொன்னார். துணி வெட்டித் தைக்க ஆரம்பித்தார்கள்.

பாதி தைத்து முடித்திருந்தபோது பையருடைய தில்லி ஆபீஸிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். ஒரு மீடியத்தை எடுத்து டம்மியில் மாட்டி, இடுப்புத் துணியை ஒரு பிடி பிடித்துக் காட்டினார். கை நிறையத் துணி வந்தது. டேப்பால் அளந்தால் ஷீட்டில் எழுதிய அளவு அப்படியே இருந்தது. வெட்டியவர்கள் மேலும் தப்பில்லை, தைத்தவர்கள் மேலும் தப்பில்லை. எழுதிய அளவே ஒன்றேகால் இஞ்ச் அதிகம் என்றார். ஜிஎம் என்னைப் பார்த்தார். நான் அவளைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

திரையை இழுத்துவிட்டு அவள் இடுப்பில் டேப்பைச் சுற்றினேன். முப்பதே கால். மறுபடி சுற்றினேன். அதே முப்பதே கால்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "என்ன சாப்படறே நீ? கொஞ்சமாவது நினைப்பு வேண்டாமா? உன் இடுப்பை நம்பித்தான் மேல அத்தனை பேரும் தச்சிண்டிருக்கா, தெரியுமோல்லியோ?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

அவள் டேப்பின் நுனியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள். "அது சாப்பாடு இல்லக்கா" என்றாள்.

எனக்கு உடனே புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. புரிந்த பிறகும் என் வாய் ஓயவில்லை.

"முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"மூணு முடியட்டும்னு இருந்தேன். இன்னும் ஒம்போது நாள் இருக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மொத தடவ தெரிஞ்சதும் டேக்கேதார்கிட்ட சொன்னேன், கொஞ்சம் ஒக்காந்து செய்யறேன்னு. நாளைலருந்து வராதன்னுட்டான். வேற எடத்துல கட்டட வேலைக்குப் போனேன், கலஞ்சிடுச்சு. அப்புறம் திரும்பவும் இங்க சேந்தேன். ரெண்டாவது தடவ சொல்லல. இங்க மேலயே நின்னேன். அதுவும் தங்கல. இந்தத் தடவ நீ கூப்புடறப்பல்லாம் கீழ வந்து ஒக்காந்தனே, அதுல கொஞ்சம் நின்னுருக்குக்கா. சொன்னா இதுவும் போயிடும்."

போயிடும் என்று அவள் சொன்னது வேலையையா, வயிற்றில் இருப்பதையா என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு இரண்டும் ஒன்றுதான். நான் அவளைவிடப் பத்து வயது பெரியவள். ஒவ்வொரு வாரமும் அந்த உடம்பைத் தொட்டுத் தையல் பார்த்தவள். அவள் முகம் வெளுத்திருந்ததையும், டீயை வேண்டாம் என்று தள்ளியதையும் பார்த்தவள். எனக்கு அவமானமாக இருந்தது. அவள் தோளில் கை வைத்து, "உட்கார்" என்று மட்டும் சொன்னேன்.

வெளியே வந்தேன். சாயங்காலத்துக்குள் பையருக்குக் காரணம் எழுதி அனுப்ப வேண்டும் என்றார் ஜிஎம். மாடியில் பேச்சு எப்படித்தான் பரவுமோ, அவருக்கு அதற்குள் விஷயம் தெரிந்திருந்தது. "ஃபிட் மாடல் தன் நிலைமையை மறைத்துவிட்டாள் என்று எழுதுங்கள். உண்மைதானே, உங்கள் மேலும் வராது, கம்பெனி மேலும் வராது" என்றார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு உதவி செய்வதாகவே நினைத்தார்.

நான் அந்த வரியை டைப் அடித்தேன். அடிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அடித்தேன். அத்தாட்சிக்கு மூன்று ஃபிட் ஷீட்டையும் இணைப்பதற்காகத் திறந்தபோது, மூன்றிலும் இடுப்பு இருபத்தெட்டரை, இருபத்தெட்டரை, இருபத்தெட்டரை என்று இருந்தது. மூன்றிலும் அடியில் என் பெயர். மறைத்தது யார் என்று அந்தக் காகிதமே சொல்லிற்று. அவள் தன் உடம்பைப் பற்றி ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. நாங்கள் கேட்கவே இல்லை.

வரியை அழித்துவிட்டு, உடம்பளவு எடுக்காமலே நான் ஷீட்டை நிரப்பினேன், தவறு என்னுடையது என்று எழுதி அனுப்பினேன். அதை என் நல்ல மனசு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். எப்படியும் மாட்டிக்கொள்வோம் என்ற பயமும் அதில் பாதி இருந்தது.

மாஸ்டர்ஜியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் எதிரே காகிதம் விரித்து ஏதோ வரைந்துகொண்டிருந்தார். "எனக்கு அன்றைக்கே சந்தேகம். நாலு பெண்களைப் பெற்றவன். ஆனால் ஆம்பிளை எப்படிக் கேட்பது, நீங்கள் அளப்பீர்கள் என்று பார்த்தேன்" என்று இந்தியில் சொன்னார். அவர் வரைந்துகொண்டிருந்தது ஒரு நாடா. மிச்சத் துணியில் இரண்டு நாடா வெட்டி, பக்கத் தையலைப் பிரித்துச் செருகிப் பின்னால் முடிச்சுப் போட்டால் இடுப்பு கச்சிதமாக நிற்கும் என்று காட்டினார். பையர் பெண்மணி இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார். நாடா வைத்தது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த பையரின் வேலையை என்னிடமிருந்து எடுத்து வேறொருத்தருக்குக் கொடுத்தார்கள். என்னைக் குழந்தை உடுப்புப் பிரிவில் போட்டார்கள்.

அவளை மாஸ்டர்ஜி கீழேயே வைத்துக்கொண்டார். சாம்பிளுக்குப் பட்டன் வைக்க ஆள் வேண்டும், கண் தெரியவில்லை என்று ஜிஎம்மிடம் சொன்னார். நூற்றைம்பது கெஜம் தள்ளி நிற்கிறவன் சட்டையில் எந்த பட்டன் தளர்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர் அவர். அந்த ஒன்பது நாளும் காலையில் மண்டி ஹவுஸில் மெட்ரோ மாறும்போதே நடையை எட்டிப் போடுவேன். ஓட்டமாக வந்து, சாம்பிள் ரூம் கதவைத் திறந்து, ஸ்டூலில் அவள் இருக்கிறாளா என்று பார்ப்பேன். பத்தாம் நாள் என்னைப் பார்த்ததும், "இருக்குக்கா" என்றாள். ஏழாம் மாதம் வரை பட்டன் வைத்துவிட்டுப் போனாள். பெண் குழந்தை பிறந்தது என்று அவள் புருஷன் போனில் சொன்னான். நான் டாய்லெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு வந்தேன்.

குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனபோது, அதை நாத்தனாரிடம் விட்டுவிட்டு அவள் திரும்பி வந்தாள். அதற்குள் என் மேல் கோபம் ஆறி, ஒரு புதுப் பையரை எனக்குக் கொடுத்திருந்தார்கள். மீடியத்துக்கும் வேறு பெண் வந்தாயிற்று, பேக்கிங்கிலிருந்து ஒரு பீகார்ப் பெண். மாஸ்டர்ஜிக்குப் பட்டன் வைக்கவும் ஆள் போட்டிருந்தார்கள். மாடியில் நூல் வெட்ட மட்டும் இடம் இருந்தது.

"அளந்து பாருக்கா" என்றாள்.

பார்த்தாலே தெரிந்தது. இருந்தாலும் இந்தத் தடவை அளந்தேன். மார்பு முப்பத்தொன்பதரை, இடுப்பு முப்பத்திரண்டரை. அவள் டேப்பை எட்டிப் பார்த்தாள்.

"லார்ஜ் ஆயிட்டனா?"

"ஆமாம்."

"லார்ஜை யாரு போட்டுப் பாக்கறாங்க?"

"யாரும் இல்லை. மீடியம் சரியா இருந்தா போதும். மத்த ஸைஸெல்லாம் கம்ப்யூட்டர்ல அங்க இங்க கொஞ்சம் கூட்டிப்போம்."

"ஒருத்தரும் போட்டுப் பாக்காமயா அனுப்பறீங்க?" என்று கேட்டாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. அவளுக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

ஹேங்கரில் பையருக்கு அனுப்பத் தயாராக இருந்த சட்டைகளில் ஒரு லார்ஜை உருவி அவளிடம் கொடுத்தேன். திரைக்குள் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"கையைத் தூக்கு" என்றேன்.

பாதி தூக்கினாள். சட்டை முழுவதும் கூடவே மேலே ஏறிற்று. "அக்குள்ல பிடிக்குதுக்கா. முன்னால நீட்டினா முதுகுல இழுக்குது."

மாஸ்டர்ஜி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து வந்தார். தையலைச் சுற்றி விரலால் தொட்டுக் காட்டச் சொன்னார். மார்பைக் கூட்டியிருக்கிறோம், கை நுழைகிற இடத்தை அதே கணக்கில் கூட்டியது தப்பு, உடம்பு அப்படிப் பெருக்காது என்று தனக்குள் பேசிக்கொண்டே பழைய பேட்டர்ன்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். எல்லாவற்றிலும் அதே தப்பு. அன்று மத்தியானமே அந்தச் சட்டையோடு அவளை வீடியோவில் நிறுத்தினேன். புதுப் பையர் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். இனி லார்ஜும் போட்டுப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்றார். ஜிஎம் வாரத்தில் மூன்று நாள் அவளைச் சாம்பிள் ரூமுக்கு எழுதிக் கொடுத்தார், டேக்கேதார் இல்லாமல், கம்பெனி ஆளாக.

அவள் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பால் கொடுக்க நேரமாயிற்று என்று ஓடினாள். நான் அந்தச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அக்குள் பிடிப்பு எனக்கு இருபது வருஷப் பழக்கம். நானும் லார்ஜ்தான். கடைகளில் ட்ரையல் ரூமுக்குள் கையைத் தூக்கிப் பார்த்து, இழுப்பதைப் பார்த்து, என் உடம்புதான் சரியில்லை என்று தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்திருக்கிறேன். அதே சட்டைகளைத்தான் இத்தனை வருஷமாக நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன்.